சிறுகச் சேர்த்தவன் கேட்பது சலுகையா?

(நாகர்கோவிலில் நடைபெற்ற செயல்வீரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இன்னதென்று கேள்விப்பட்டதும், நம் நண்பர் ஒருவர் சிரித்தார். "மேடையிலே இடி முழங்கும் என்று எதிர்பார்த்து வந்தேன். தபாலாபீஸ் கணக்கைப் பற்றியா பேசப்போகிறீர்கள்?" என்று கேட்டார். நான் கோபப்படவில்லை. அந்த நண்பரின் வீட்டிலும் அலமாரித் துணிகளுக்கு அடியிலே, அவர் துணைவியார் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் சிறு கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கும். மகளின் கல்விக்கென்று மாதம் ஐந்நூறு, மருத்துவச் செலவுக்கென்று முந்நூறு என்று மிச்சம் பிடித்த காசு அதிலே வரிவரியாக ஏறியிருக்கும். அந்தப் புத்தகத்திலே அரசியல் இல்லை என்று யாராவது சொன்னால், அரசியல் எங்கேதான் இருக்கிறது என்று நான் அறிய விரும்புகிறேன்.

உழைத்தவன் கையிலே மிஞ்சுவது சிறு தொகை. அதை யாரிடம் நம்பிக் கொடுப்பது? கொடுத்தால் திரும்ப வருமா? வரும்போது அதன் மதிப்பு குறையாமல் இருக்குமா? ஓர் அரசாங்கத்தின் நாணயத்தை உரைத்துப் பார்க்க இந்த மூன்று கேள்விகளை விடச் சிறந்த உரைகல் இல்லை.

வட்டிக்கு ஆசை, முதலுக்கு மோசம்

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். வடசேரியில் எங்கள் தெருவிலே ஓர் அம்மையார் இருக்கிறார். உறவில்லாவிட்டாலும் நான் சித்தி என்றே அழைத்து வளர்ந்தவர். கணவர் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்று மறைந்தார். அவர் விட்டுச் சென்றது நாலு லட்சம் ரூபாய். அந்த நேரத்திலே நகரில் ஒரு நிதி நிறுவனம் பளபளக்கும் கண்ணாடிக் கதவுகளோடு கடை திறந்தது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி தருவதாகச் சொன்னது. சித்தி என்னிடம் வந்து கேட்டார்: "மக்களே, மாசம் எட்டாயிரம் தாறானாம். தபாலாபீசுல போட்டா மூணு மாசம் காத்துக் கெடக்கணும்லா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யோசிச்சுச் செய்யுங்க சித்தி" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனேன். காரணம் இருந்தது. அந்த நிறுவனத்தின் திறப்பு விழாவிலே குத்துவிளக்கு ஏற்றியவர்களில் நானும் ஒருவன்! அழைத்தார்கள், போனேன், மாலை போட்டார்கள், மகிழ்ந்தேன். ஒன்பது மாதம் வட்டி வந்தது. பத்தாவது மாதம் கதவிலே பூட்டுத் தொங்கியது. கொடுத்தது நாலு லட்சம், வட்டியாக வந்தது 72,000, போனது 3,28,000. சித்தி என்னைத் திட்டவில்லை. "நீயும் அங்க மேடையில இருந்தேல்லா மக்களே?" என்று மட்டும் கேட்டார். எதிர்க்கட்சிக்காரர் நூறு கேள்விகள் கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அதே நாலு லட்சத்தை இன்றைக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலே போட்டால் என்ன கிடைக்கும்? 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நிலவிய விகிதம் ஆண்டுக்கு 8.2 விழுக்காடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,200 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 1,64,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும். நாலு லட்சமும் குன்றிமணி குறையாமல் இருந்திருக்கும். மாதத்துக்கு எட்டாயிரம் என்றவன் முதலையே விழுங்கினான். மூன்று மாதத்துக்கு எட்டாயிரத்து இருநூறு என்பவன் முதலைக் காக்கிறான்.

ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி கொடுக்க வேண்டுமானால், கொடுப்பவன் அதற்கும் மேலே சம்பாதிக்க வேண்டும். கோட்டாறு சந்தையிலே தலைமுறை தலைமுறையாக வாணிபம் செய்யும் பெரிய வியாபாரியைக் கேளுங்கள், செலவெல்லாம் போக ஆண்டுதோறும் தவறாமல் அவ்வளவு நிற்குமா என்று. நிற்காது என்பார். அப்படியானால் வட்டி எங்கிருந்து வருகிறது? இன்று வந்தவனின் முதலிலிருந்து நேற்று வந்தவனுக்கு! நாளை வருபவன் நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

இது ஒரு தெருவின் கதை அல்ல. தேக்கு மரம் வளர்த்துப் பொன்னாக்கித் தருவதாகச் சொன்ன அனுபவ் நிறுவனம் 1998இல் சரிந்தது. ஈமு கோழி வளர்த்தால் மாதச் சம்பளம் என்ற கதை 2012இல் கொங்கு நாட்டிலே முடிந்தது. சென்னையிலே ஆருத்ரா நிறுவனம் மாதம் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்று ஆசை காட்டி, ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது என்று 2022இல் தொடங்கிய வழக்கிலே போலீசார் கணக்குச் சொன்னார்கள். முதலீட்டாளரைக் காக்கத் தமிழ்நாட்டிலே 1997ஆம் ஆண்டே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம், ஓடிப்போனவனின் சொத்தை முடக்கி, ஏலம் போட்டு, பங்கிட்டுத் தரும். அதற்குள் சித்திகளுக்கு வயது ஏறிவிடும்.

நம் மண் கண்ட அனுபவம்

நாஞ்சில் நாட்டாருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1956 நவம்பர் 1ஆம் நாள் தாய்த் தமிழகத்தோடு இணையும்வரை நாம் திருவிதாங்கூரிலே இருந்தவர்கள். அந்தத் திருவிதாங்கூரிலே 1938ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அந்த நாளில் தென்னாட்டின் பெரிய வங்கிகளுள் ஒன்று அது. திவானுக்கும் வங்கியின் தலைவர்களுக்கும் இருந்த பகை ஒரு பக்கம், வங்கியின் நடைமுறை மறுபக்கம் என்று இன்றும் வாதாடுகிறார்கள். வாதம் யாருடையதாயினும் வயிறு எரிந்தது பணம் போட்டவனுக்கு. பின்னர் 1960 ஆகஸ்டு 8ஆம் நாள் எல்லைக்கு அப்பால் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1962 ஜனவரி முதல் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு வந்தது. எவ்வளவு? ஒருவருக்கு 1,500 ரூபாய்! படிப்படியாக உயர்ந்து 1993இல் ஒரு லட்சமாகி, 2020இல் ஐந்து லட்சமாயிற்று.

ஆகவே ஒன்றை மனத்தில் இருத்துங்கள். வங்கி ஒன்று வீழ்ந்தால் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு. அஞ்சலகச் சேமிப்புக்கோ அப்படி ஓர் எல்லைக்கோடு இல்லை. அங்கே கடன் வாங்குபவர் அரசாங்கமே. முதலுக்கும் வட்டிக்கும் பொறுப்பு இந்திய அரசின் கருவூலம்.

அஞ்சல் என்ற சொல்லே நம் மண்ணிலே ஊறியதல்லவா? சலங்கை கட்டிய கோலோடு ஓடிய அஞ்சல்காரனை நம் பாட்டன்மார் கண்டிருக்கிறார்கள். திருவிதாங்கூர் அஞ்சல் 1951இல்தான் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

வெள்ளையன் ஏன் தொடங்கினான்?

சேமிப்பு வங்கியைத் தொடங்கியவன் வெள்ளையன். நம்மீது அன்பு பொங்கி அவன் தொடங்கவில்லை. 1833 முதல் 1835 வரை கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று தலைநகர்களிலும் அரசாங்கச் சேமிப்பு வங்கிகள் ஏற்பட்டன. 1873இல் சட்டம் வந்தது. 1882 ஏப்ரல் முதல் நாட்டின் தபால் நிலையங்களிலே சேமிப்பு வங்கி நடைபெறலாயிற்று. முதல் உலகப் போர் மூண்டபோது, போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று 1917இல் தபால் நிலையத்தில் காசுப் பத்திரம் விற்றார்கள். ஏழையின் முடிச்சிலே இருக்கும் காசுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை ஏகாதிபத்தியம் அன்றே அறிந்திருந்தது!

விடுதலைக்குப் பின் நோக்கம் மாறியது. 1948இல் தேசிய சேமிப்பு அமைப்பு ஏற்பட்டது. அணை கட்டவும் ஆலை எழுப்பவும் ஐந்தாண்டுத் திட்டங்களுக்குப் பணம் வேண்டும். அந்நியனிடம் கை நீட்டுவதா, அண்டை வீட்டானிடம் கடன் வாங்குவதா என்று கேட்டார்கள். 1959இல் சேமிப்புப் பத்திரச் சட்டமும் 1968இல் பொது சேமநல நிதிச் சட்டமும் வந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சஞ்சாயிகா வந்தது. வீடு வீடாகச் சென்று தொடர் வைப்புப் பணம் திரட்டும் மகளிர் முகவர்கள் வந்தார்கள். 2018இல் பழைய சட்டங்கள் மூன்றும் ஒன்றாக்கப்பட்டு, 1873ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அரசு சேமிப்பு வளர்ச்சிச் சட்டம் என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது.

இன்று அந்தப் பணம் எதற்குப் போகிறது? மத்திய அரசின் 2025-26 வரவுசெலவுத் திட்டத்திலே பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி ரூபாய். அதிலே ஏறத்தாழ 3.43 லட்சம் கோடியைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து எடுத்துக்கொள்வதாகக் கணக்கு. ஐந்திலே ஒரு பங்குக்கு மேல்! முட்டத்து மீன்காரியும் குலசேகரத்து ரப்பர்ப் பால் வெட்டுகிறவனும் தில்லிக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள், தோழர்களே! கடன் கொடுத்தவன் கைகட்டி நிற்பதும், வாங்கியவர் "சலுகை வழங்கினோம்" என்று மார் தட்டுவதும் விந்தை அல்லவா?

எந்தப் பெட்டியில் எந்தக் காசு?

திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயல்வீரர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் விகிதங்கள் 2025ஆம் ஆண்டின் நான்கு காலாண்டுகளிலும் நிலவியவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறக்கூடியவை. ஆகவே அஞ்சலகப் பலகையைப் பார்த்த பின்னரே பிறருக்குச் சொல்லுங்கள்.

அன்றாடக் கூலிக்காரருக்கு உகந்தது தொடர் வைப்பு. மாதம் நூறு ரூபாயிலிருந்து தொடங்கலாம். வட்டி 6.7 விழுக்காடு. மாதம் ஆயிரம் வீதம் ஐந்தாண்டு கட்டினால், கட்டியது 60,000. கிடைப்பது ஏறத்தாழ 71,360.

பெண் குழந்தை பெற்றவருக்கு 2015இல் வந்த செல்வமகள் திட்டம் இருக்கிறது. பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை, பதினைந்து ஆண்டுகள் கட்டலாம். இருபத்தொரு ஆண்டில் முதிரும். வட்டி 8.2. பொது சேமநல நிதிக்குப் பதினைந்து ஆண்டு, வட்டி 7.1. ஆண்டின் தொடக்கத்திலேயே 12,000 வீதம் கட்டி வந்தால், கட்டிய 1,80,000 அதே விகிதத்திலே 3,25,000க்குச் சற்றுக் கூடுதலாகும். இந்த நிதிக்கு இன்னொரு கவசமும் உண்டு: கடன்காரன் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி வந்தாலும் இதை ஜப்தி செய்ய முடியாது.

அறுபது வயது நிறைந்தவருக்கு 2004இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் திட்டம். 2023 முதல் முப்பது லட்சம் வரை போடலாம். மாதந்தோறும் பணம் வேண்டுமென்போருக்கு மாத வருவாய்த் திட்டம்; ஒரு லட்சத்துக்கு மாதம் 616 ரூபாய் சொச்சம். ஐந்தாண்டு தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு 7.7. கிசான் விகாஸ் பத்திரம் 115 மாதத்தில் இரட்டிக்கும்.

நம் மாவட்டத்திலே வளைகுடா நாடுகளுக்குச் சென்ற பிள்ளைகள் மிகுதி. அவர்கள் வீட்டாருக்கு ஒரு சொல்: வெளிநாட்டிலே குடியிருப்போர் ஆனபின் அவர் பெயரில் புதிதாகச் சேமநல நிதிக் கணக்கோ சேமிப்புப் பத்திரமோ தொடங்க இயலாது. உண்மையை மறைத்துத் தொடங்கிவிட்டுப் பின்னர் வட்டி போயிற்றே என்று புலம்பாதீர்கள்.

வரிச்சலுகை யாருக்கு?

இனி, வரிச்சலுகைக்கு வருகிறேன். "அஞ்சலகத்தில் போடு, வரி மிச்சம்!" என்று விளம்பரம் செய்கிறார்களே, அது யாருக்கு மிச்சம்?

80சி என்று மக்கள் அறிந்திருக்கும் பிரிவின்படி, சேமநல நிதி, செல்வமகள், சேமிப்புப் பத்திரம், மூத்த குடிமக்கள் திட்டம், ஐந்தாண்டு வைப்பு ஆகியவற்றில் போடும் தொகையை ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அந்த ஒன்றரை லட்சம் என்ற வரம்பு 2014இல் நிர்ணயித்தது. அதன் பிறகு விலைவாசி ஏறியதே தவிர வரம்பு ஏறவில்லை. சேமநல நிதிக்கும் செல்வமகளுக்கும் வட்டிக்குக்கூட வரி இல்லை. மூத்த குடிமக்கள் திட்டத்தில் வரும் வட்டிக்கோ வரி உண்டு. மாத வருவாய்த் திட்டத்துக்கும் கிசான் விகாஸ் பத்திரத்துக்கும் போடும்போதே கழிவு கிடையாது. எல்லாம் வரியில்லாதவை என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். முப்பது விழுக்காடு வரி செலுத்தும் பெருஞ்சம்பளக்காரர் ஒன்றரை லட்சம் போட்டால், மேல்வரி நீங்கலாக 45,000 ரூபாய் மிச்சம். ஐந்து விழுக்காடு செலுத்தும் எழுத்தருக்கு 7,500 மிச்சம். தோவாளையில் பூக்கட்டும் பெண் மாதம் ஐந்நூறு போட்டால் அவருக்கு மிச்சம் எவ்வளவு? ஒன்றுமில்லை! வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு வரிச்சலுகை எங்கிருந்து வரும்? மிகுதியாக உள்ளவருக்கு மிகுதியாகவும், இல்லாதவருக்கு இல்லாமலும் கிடைக்கின்ற இந்த ஊக்கத்துக்குச் சேமிப்பு ஊக்கம் என்று பெயர்!

அந்த ஊக்கமும் இப்போது கரைந்து வருகிறது. 2020-21இல் புதிய வரிமுறை என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2023-24 முதல் அதுவே பொதுமுறை. பழையது வேண்டுமென்றால் நாமாகக் கேட்டுப் பெறவேண்டும். புதிய முறையிலே விகிதம் குறைவு, ஆனால் சேமிப்புக்குக் கழிவு இல்லை. 2025-26 முதல் அந்த முறையில் பன்னிரண்டு லட்சம் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரி இல்லாதபடி தள்ளுபடியும் வந்துவிட்டது. நடுத்தர வகுப்பாருக்கு அது நன்மையே, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வரிக்காகச் சேமித்தவன் இனி எதற்காகச் சேமிப்பான்? கட்டாயம் போனது, பழக்கமும் போய்விடுமானால், முதுமையிலே அவனைத் தாங்குவது யார்?

வரிக்கழிவுக்கு மாற்றாக, வரி கட்டாத ஏழை போடும் சிறு தொகைக்கு அரசாங்கம் தன் பங்காக ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டலாமே! பூக்காரப் பெண் ஐந்நூறு போட்டால், ஐம்பதாவது அரசு போடட்டும். நாற்பத்தைந்தாயிரத்தை ஒருவருக்கு விட்டுக்கொடுக்க முடிந்த கருவூலத்துக்கு, ஐம்பதை மற்றவருக்குத் தர முடியாதா? இதுதான் நம் கோரிக்கை.

ஓர் இரவு, ஒரு காலை

வட்டி விகிதத்தின் வரலாறு இன்னும் சுவையானது. சேமநல நிதிக்கு 1986 முதல் 12 விழுக்காடு கொடுத்தார்கள். 2000இல் 11, 2001இல் 9.5, 2002இல் 9, 2003இல் 8 என்று படிக்கட்டில் உருண்டது. முகவர்களின் கழிவுத்தொகையிலே கைவைத்தது 2011இல். தில்லியிலே இருந்த கட்சி மாறியது; சிறுசேமிப்பாளனின் நிலை மாறவில்லை. ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

2016 ஏப்ரல் முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதம் அறிவிக்கிறார்கள். 2021 மார்ச் 31ஆம் நாள் மாலை ஓர் அறிவிப்பு வந்தது. சேமநல நிதி 7.1இலிருந்து 6.4. மூத்த குடிமக்களுக்கு 7.4இலிருந்து 6.5. செல்வமகளுக்கு 7.6இலிருந்து 6.9. சேமிப்புக் கணக்குக்கு 4இலிருந்து 3.5. நாடெங்கும் முணுமுணுப்பு. மறுநாள் காலையிலே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்: உத்தரவு திரும்பப் பெறப்படுகிறது, அது கவனப்பிழையாக வெளிவந்தது என்று!

பிழை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். அதற்கு ஐந்தாம் நாள், ஏப்ரல் 6ஆம் நாள், தமிழகச் சட்டமன்றத் தேர்தல். நம் கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தலும் அதே நாளில்தான். பிழையைத் திருத்தியது கணக்கா, வாக்கா என்று தீர்ப்பளிப்பது என் வேலையல்ல. சிறுசேமிப்பாளர்கள் கோடிக்கணக்கிலே இருக்கிறார்கள் என்பதும், அவர்கள் கையிலே கணக்குப் புத்தகத்தோடு வாக்குச் சீட்டும் இருக்கிறது என்பதும் தில்லிக்குத் தெரியும். அது நமக்குத்தான் தெரியாமல் இருக்கிறது!

விலைவாசியையும் சேர்த்துப் பாருங்கள். 2022-23ஆம் ஆண்டிலே சில்லறை விலைவாசி சராசரியாக 6.7 விழுக்காடு ஏறியது. அந்த ஆண்டு தொடர் வைப்புக்குக் கொடுத்த வட்டி 5.8. கூலிக்காரன் சேர்த்து வைத்த ரூபாய், சேர்த்து வைத்ததற்காகவே தேய்ந்தது. 2023இல் மற்றத் திட்டங்களுக்கு வட்டியை உயர்த்தினார்கள். சேமநல நிதியோ 2020 ஏப்ரலில் வந்த 7.1இலேயே நின்றது. அரசாங்கப் பத்திரங்களின் வருவாயோடு சிறு கூடுதல் சேர்த்து விகிதம் நிர்ணயிக்க வேண்டுமென்று சியாமளா கோபிநாத் குழு 2011இல் வழி சொன்னது. வழி இருக்கிறது, நடக்கவேண்டும் என்பதுதான் நம் வாதம்.

மாற்றுக் கருத்தும் உண்டு. சிறுசேமிப்புக்கு வட்டி மிகுதியாகக் கொடுத்தால் வங்கிகளும் மிகுதியாகக் கொடுக்க வேண்டிவரும், தொழிலுக்குக் கடன் வட்டி ஏறும் என்கிறார்கள் பொருளியல் வல்லுநர்கள். அதிலே உண்மை இல்லாமலில்லை. ஆனால் தொழிலதிபரின் கடன் சுமையைக் குறைக்க விதவையின் வட்டியைக் குறைப்பதுதான் ஒரே வழியா? பெருங்கடன்கள் வாராக்கடன்களானபோது வங்கிகளைத் தாங்கியது அரசு. விதவையின் முதுமையைத் தாங்குவது மட்டும் பொருளியலுக்கு விரோதமா?

மாநிலத்தின் பங்கையும் மறந்துவிடலாகாது. 1999இல் தேசிய சிறுசேமிப்பு நிதி ஏற்பட்டபின், திரண்ட நிகரத் தொகையில் பெரும் பங்கு மாநிலங்களுக்குக் கடனாக வந்தது. 2002 முதல் 2007 வரை முழுவதுமே வந்தது. 2012இல் பாதியாயிற்று. 2016 முதல் கேரளம், மத்தியப் பிரதேசம், அருணாசலப் பிரதேசம், தில்லி தவிர மற்றவை விலகின. தமிழ்நாடும் விலகியது. சந்தைக் கடனைவிட இந்தக் கடனுக்கு வட்டி மிகுதி என்பது காரணம். காரணத்திலே நியாயம் உண்டு. ஆயினும் களியக்காவிளைக்கு அப்பால் திரளும் காசுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கணக்கு இருக்க, இப்பால் திரளும் காசு முழுவதும் தில்லிக்குப் போகிறது. நம் ஊரார் பணத்தைத் திரட்டித் தருவதில் மாநில நிர்வாகம் முன்போல் முனைப்புக் காட்டாமல் போனால், அந்த வெற்றிடத்திலே கண்ணாடிக் கதவுக்காரன் நுழைவான். நுழைந்தும் விட்டான்!

செயல்வீரர் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. சில வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் முகத்தை எவனுக்கும் இரவல் கொடுக்காதீர்கள். நிதி நிறுவனத் திறப்பு விழாவென்று மாலை வந்தால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். நமக்குக் கிடைக்கும் மாலையை நம்பித்தான் தாய்மார்கள் தாலிக்கொடியை அடகு வைக்கிறார்கள்.

இரண்டாவது, யாருடைய பணத்தையும் நீங்கள் கையிலே வாங்காதீர்கள். அஞ்சலகத்துக்கு உடன் செல்லுங்கள், படிவம் நிரப்பிக் கொடுங்கள். பணத்தைக் கட்டுவது அவரவர் கை. முகவரிடம் கொடுப்பதானால் உரிமம் உள்ளவரா என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டிய தொகை புத்தகத்திலே முத்திரையோடு ஏறியதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அஞ்சலகக் கணினியிலும் ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நியமனம். கணக்குடையவர் மறைந்தால் பணம் பெறுபவர் யார் என்று எழுதிவைப்பது. நாஞ்சில் நாட்டாருக்கு இதன் அருமையை நான் சொல்லவேண்டுமா? ஒருவன் தேடிய பொருள் மனைவி மக்களுக்கில்லாமல் மருமகனுக்குப் போன கொடுமையைத்தானே கவிமணி "மருமக்கள்வழி மான்மியம்" என்று பாடிவைத்தார்! அந்த முறை சட்டத்திலே மாறிவிட்டது. ஆனால் நியமனக் கட்டம் வெற்றாக இருந்தால், விதவை இன்றும் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள். இன்னொன்றும் சொல்லுங்கள்: நியமனம் பெற்றவர் பணத்தை வாங்கலாம், ஆனால் பங்குரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்திருக்கிறது. அண்ணன் தம்பி சண்டையை முன்கூட்டியே தவிர்க்க, உயிலும் எழுதி வைக்கட்டும்.

நான்காவது, கோரிக்கை. விகிதத்தைச் சூத்திரப்படி நிர்ணயிக்கவேண்டும். ஏழையின் தொடர் வைப்பு விலைவாசிக்குக் கீழே இறங்கலாகாது. வரி கட்டாதவரின் சேமிப்புக்கு அரசின் பங்குத் தொகை வேண்டும். ஒன்றரை லட்சம் என்ற பழைய வரம்பை ஆராயவேண்டும். இந்த நான்கையும் நம் கிளைகள் தீர்மானமாக்கி அனுப்பட்டும்.

சேமிப்பது ஏழையின் கடமை என்று இத்தனை ஆண்டுகள் உபதேசம் செய்தார்கள். கேட்டான்; செய்தான். பீடியைக் குறைத்தான், பேருந்தை விட்டு நடந்தான், மகளின் பெயரிலே மாதம் இருநூற்றைம்பது கட்டினான். தன் கடமையைச் செய்தவன் இப்போது திரும்பி நின்று, உன் கடமை என்ன என்று கேட்கிறான். அவன் கேட்பது சலுகை அல்ல. கொடுத்த கடனுக்கு நியாயமான வட்டி.

சித்தியிடம் மிஞ்சியது அந்த வட்டிப் பணத்தில் செலவழியாத கொஞ்சம். அதை எடுத்துக்கொண்டு சென்ற மாதம் அவரோடு நானும் அஞ்சலகம் சென்றேன். படிவத்தை நான் நிரப்பினேன். பணத்தை அவரே எண்ணிக் கட்டினார். புத்தகத்தை வாங்கி என் கையிலே கொடுத்து, "ஒழுங்கா எழுதியிருக்கானா, பாரு மக்களே" என்றார். பார்த்தேன். ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. நாம் ஒவ்வொருவரும் இப்படி ஒரு புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும் தகுதியைப் பெறவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, விடைபெறுகிறேன்.